பக்கத்து இருக்கையின் எடை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்றே நம்புகிறேன். சந்தேகம் இருந்தால் பட்டியல் போட்டு எழுதுவீர்கள் என்று தெரியும்.

இந்தக் கடிதம் ஜீப்பைப் பற்றியது. போன வாரம் ஓடையைக் கடக்கும்போது ஆமைக்கல் மறுபடி வண்டியின் வயிற்றில் இடித்தது. எந்தக் கல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடித்தகடு உள்ளே வாங்கிவிட்டது. அக்கரையில் கன்று ஈன முடியாமல் தவித்த ஒரு பசுவிடம் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். பசு பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை. மாட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் தாங்கவில்லை.

வண்டியை உயர்த்தியே ஆக வேண்டும். அதற்கென்று ஸ்பிரிங், ஷாக் எல்லாம் சேர்த்து லிஃப்ட் கிட் என்று விற்கிறார்களாம். இங்கே இருக்கும் மெக்கானிக், "எதையாவது வாங்கிட்டு வாங்க டாக்டரம்மா, மாட்டிடலாம்" என்கிறார். எனக்கு அந்த 'எதையாவது'தான் பயமாக இருக்கிறது. கடைகளெல்லாம் உங்கள் ஊரில். நாற்பது வருடம் ஊர்த் தராசுகளைப் பொய் சொல்லவிடாமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள். ஒரு ஸ்பிரிங் உங்களை ஏமாற்றிவிடாது. நீங்களே தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஜூன் கடைசியில் மழை பிடித்துவிட்டால் மூன்று மாதம் ஓடை வழிவிடாது.

தொலைபேசியில் கேட்டிருப்பேன். இங்கே அது மணி பார்க்கத்தான் உதவுகிறது.

உங்கள் தங்கை

•

ஜனவரி 20

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். முதல் தேதியன்று மருந்துக்கடைத் தராசில் எடை 58 கிலோ. அந்தத் தராசு இருநூறு கிராம் கூட்டிக் காட்டும், அதைக் கழித்துவிட்டேன். வலது முட்டி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பேருந்தின் படியை அளந்து பார்த்தேன்: 45 செ.மீ. அதற்கு மேல் ஒரு விரல் உயர்ந்தாலும் மறுத்துவிடுகிறது.

கன்றைப் பற்றிப் படித்துவிட்டுச் சற்று நேரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

இந்த வேலைக்கு நான் பொருத்தமா என்று மூன்று நாள் யோசித்தேன். பொருத்தமில்லை என்பதற்கே காரணங்கள் அதிகம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்காரக்கூடத் துணிவு போதாது என்பதை மூன்று வருடத்துக்கு முன் நீயே பார்த்தாய். ஆமைக்கல்லில் வண்டி இடித்துச் சாய்ந்து, காலடியில் தண்ணீர் வந்ததும் கதவைத் திறந்து இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த கரைக்கே திரும்பியவன் நான். உன் வீட்டுக் கூரை அங்கிருந்தே தெரிந்தது. அதைப் பற்றி நாம் எழுதிக்கொண்டதே இல்லை. இப்போதும் எழுதவில்லை. வண்டியின் உயரக் குறைவுக்குச் சான்றாக மட்டும் குறிப்பிடுகிறேன்.

எனக்குச் சில அளவுகள் வேண்டும். தரைக்கும் அடித்தகட்டுக்கும் இடையே எவ்வளவு? ஆமைக்கல் ஓடையின் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? நான்கு சக்கரத்திலும், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை எவ்வளவு? ஏறும் படி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? சமதளத்தில், காற்றைச் சரியாக நிரப்பிவிட்டு அள.

உன் அண்ணன்

•

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் மாடுகளும் நலம். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். இது மாட்டு வைத்தியம்தான், ஆனாலும் கேட்கும்.

அடித்தகடு 21 செ.மீ. ஆமைக்கல் 24. ஆக, அது இடிப்பதில் அதிசயம் ஏதுமில்லை, இடிக்காமல் போன நாட்கள்தான் அதிசயம். நான்கு சக்கரத்திலும் 48. படி 40. இரண்டு முறை அளந்தேன், மூன்றாவது முறை உங்களுக்காக. ஆமைக்கல்லை அளக்கத் தண்ணீரில் இறங்கி நின்றபோது மாட்டுக்காரர் கரையிலிருந்து, "டாக்டரம்மா, அதுக்கு சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். கன்றுக்குப் பிறகு அவர் என்னிடம் சிரித்துப் பேசியது அன்றுதான்.

நீங்கள் எழுதாததை நானும் படிக்கவில்லை.

தங்கை

•

பிப்ரவரி 17

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். எடை 58. முட்டி ஒத்தடத்தின் பேச்சைக் கேட்கிறது, என் பேச்சை விடச் சற்று அதிகமாகவே கேட்கிறது.

மூன்று கடைகளுக்குப் போனேன். முதல் கடைக்காரர் பத்து செ.மீ. உயர்த்தும் ஒரு கிட்டை எடுத்து வைத்து, "மாட்டிப் பாருங்க சார், வண்டி சும்மா சிங்கம் மாதிரி நிக்கும்" என்றார். "நிற்பது சரி, நடக்குமா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகுதான் தெரிந்தது, அதில் ஸ்பிரிங்கே இல்லை. பழைய ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் இரும்புக் கட்டைகள்தான். இரண்டாவது கடையில் உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் வில்லைகள் கொடுத்தார்கள். அதனால் வண்டியின் மேல்பாகம் மட்டும் உயரும், வயிறு இருந்த இடத்திலேயே இருக்கும். கால்சட்டையை மடித்துவிட்டால் ஆள் வளர்ந்துவிடுவதில்லை.

மூன்றாவது, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு பட்டறை. உரிமையாளருக்கு மார்பு வரை தாடி, அதில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ். அவர் எதையும் எடுத்துக் காட்டவில்லை.

"எவ்ளோ சுமை ஏத்துவாங்க சார்?"

"தெரியவில்லையே."

"அப்ப எந்த ஸ்பிரிங்னு எனக்கும் தெரியாது. கேட்டுட்டு வாங்க."

தெரியாது என்று சொல்லும் கடைக்காரர்களை நாற்பது வருடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல கிட் என்றால் பட்டை ஸ்பிரிங் முழு அடுக்காகப் புதிதாக வர வேண்டும், அதன் நீளத்துக்கு ஏற்ற ஷாக் வர வேண்டும், பிரேக் குழாய்களும் நீண்டதாக வர வேண்டும் என்று விளக்கினார். பழைய குழாயையே இழுத்துக் கட்டினால் வண்டி குதிக்கும்போது அறுந்துவிடுமாம். இதைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது.

ஆகவே, வண்டியில் எப்போதும் என்னென்ன இருக்கும், எந்தப் பக்கம் இருக்கும் என்று எடையோடு எழுது. அவ்வப்போது ஏறி இறங்குவதைச் சேர்க்காதே.

உன் அண்ணன்

•

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் தாடிக்காரரை எனக்குப் பிடித்துவிட்டது.

மருந்துப் பெட்டி 22 கிலோ, பின்னால் நடுவில். தண்ணீர்க் கேன் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, தலா 20. கயிறு, ஜாக்கி, மாற்றுச் சக்கரம் எல்லாம் சேர்த்து 45, பின்கதவில். ஓட்டுகிறவள் 61. சிரிக்க வேண்டாம்.

பக்கத்து இருக்கையில் ஒருவர், கைப்பையோடு 64 கிலோ. இதையும் எப்போதும் இருக்கும் சுமையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் ஏறும் படி 45 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அவருக்கு முட்டி ஒத்துழைக்காது. பக்கத்து இருக்கைக்கு முன்னால் கெட்டியான கைப்பிடி ஒன்று வேண்டும். கொஞ்சம் பயந்த சுபாவம்.

தங்கை

•

மார்ச் 15

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். எடை 57.8. கவலைப்பட ஒன்றுமில்லை, வெயில் காலத்தில் சற்று இறங்கும்.

பக்கத்து இருக்கையில் வரப்போகிறவர் யார் என்று நீ எழுதவில்லை. கேட்பது முறையா என்று தெரியாமல் நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன். உன் வீட்டுக்காரர் போன பிறகு உனக்கு ஒரு துணை வேண்டும் என்று நான் நினைத்ததுண்டு. உதவியாளராக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி. அது உன் விருப்பம். நான் அளவை மட்டும் பேசுகிறேன்.

பத்து செ.மீ. உயர்த்தினால் அடித்தகடு 31 ஆகும், ஆமைக்கல்லை ஏழு செ.மீ. இடைவெளியோடு தாண்டலாம். ஆனால் படி ஐம்பதாகிவிடும். படி நாற்பத்தைந்தில் நிற்க வேண்டுமென்றால் ஐந்துதான் உயர்த்த முடியும். அப்போது அடித்தகடு 26. மிஞ்சுவது இரண்டே செ.மீ. ஒருவரின் முட்டிக்காக நீ ஐந்து செ.மீ. பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறாய்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. படி ஏற முடியாதவர், பிடிமானம் இல்லாமல் உட்கார முடியாதவர். அந்தப் பாதைக்குத் திடமான ஆள் யாரும் கிடைக்கவில்லையா? பயந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஓடையில் இறங்கினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஒருவரை ஏற்றிப் பட்டிருக்கிறாய்.

தாடிக்காரர் இன்னொன்றும் கேட்கச் சொன்னார். "ஓட்டறவங்க எப்பவும் இருப்பாங்கன்னு வலது பக்கப் பட்டைக்குக் கொஞ்சம் வளைவு கூட வெச்சுதான் வரும் சார். பக்கத்துலயும் எப்பவும் ஆள் உண்டுன்னா இடதுக்கும் அதே வளைவு குடுக்கறேன். ஆனா அந்த ஆள் வராம போனா வண்டி சாஞ்சு நிக்கும். வருவாரான்னு நல்லா கேட்டுக்குங்க."

வருவாரா?

உன் அண்ணன்

•

மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்.

ஆளை மாற்ற முடியாது. அவரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். பயந்தவர்தான். ஆனால் அவர் எடுத்த அளவு தப்பி நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் எனக்கு நல்லது.

ஐந்து செ.மீ. போதும். மிச்சமிருக்கும் இரண்டு செ.மீ. இடைவெளியில் ஓட்டுவது என் வேலை.

தாடிக்காரரிடம், வருவார் என்று சொல்லுங்கள்.

தங்கை

•

ஏப்ரல் 12

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். எடை சென்ற மாதத்தைப் போலவே.

கிட் இன்று லாரியில் ஏறிவிட்டது. ஐந்து செ.மீ., இடதுக்கும் வலதுக்கும் ஒரே வளைவு. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பட்டையின் தடிமனையும் காலிப்பரில் அளந்தேன். ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் குறைந்தது. தாடிக்காரர் வாதாடவில்லை, வேறு பட்டை எடுத்து வைத்தார். "பொண்ணு குடுக்கறவங்க கூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்க சார்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும், தூக்கி நிறுத்தியிருக்கும்போது அல்ல. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். மற்றதெல்லாம் தனித்தாளில் எழுதி மருந்துச் சீட்டு மாதிரி மேலேயே வைத்திருக்கிறேன்.

கைப்பிடியை நானே தேர்ந்தெடுத்தேன். பட்டறைத் தூணில் மாட்டச் சொல்லி, பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். தாங்கும்.

உன் கூட வருபவரிடம் ஒன்று சொல். வண்டி சாயும்போது கை தானாகக் கதவுக்குப் போகும். திறக்க வேண்டாம் என்று சொல். நான் திறந்தேன். திறந்ததால்தான் தண்ணீர் உள்ளே வந்தது என்பதைப் பேருந்தில் திரும்பும்போதுதான் உணர்ந்தேன். இதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை.

உன் அண்ணன்

•

மே 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். கிட் மாட்டியாகிவிட்டது. உங்கள் தாளைப் படித்துப் படித்தே மெக்கானிக் வேலையை முடித்தார். "இத எழுதினவர் கண்ணு முன்னாடி மட்டும் நான் நட்டு முடுக்க மாட்டேன் டாக்டரம்மா" என்றார்.

அடித்தகடு 26, படி 45. நேற்று ஓடையைக் கடந்தேன். சத்தமே இல்லை. சந்தேகம் வந்து நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன், கல் அங்கேதான் இருந்தது. அக்கரையில் வேறொரு பசு, வேறொரு கன்று. இரண்டும் நலம்.

ஒரு சின்னக் குறை. என் இருக்கையில் என் எடைக்குத் தீவன மூட்டை வைத்து, நீங்கள் எழுதியபடியே சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை அளந்தேன். வலப்பக்கம் 53. இடப்பக்கம் 54.2. தலையைச் சாய்த்து ஏதோ கேட்பது போல நிற்கிறது வண்டி.

தங்கை

•

மே 19

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் என் தொண்டையில் நிற்கிறது. கணக்கை மூன்று முறை போட்டேன். தவறு எனக்குத் தென்படவில்லை. தென்படாத தவறுதான் மோசமானது.

பட்டறைக்கு ஓடினேன். தாடிக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு, "பக்கத்துல ஆளை உக்கார வெச்சு அளந்தாங்களா சார்?" என்றார். "எழுதவில்லை." "உக்கார வெச்சு அளக்கச் சொல்லுங்க. ஆள் இல்லேன்னா ஒரு மூட்டையைத் தூக்கி வைக்கச் சொல்லுங்க, சரியாயிடும். நீங்க தண்ணி குடிங்க மொதல்ல."

ஆகவே அவரை உட்காரவைத்து அள. அவர் ஊரில் இல்லையென்றால் 64 கிலோவுக்குத் தீவன மூட்டையை வை. அப்போதும் சாய்ந்தால் தவறு என்னுடையது, நான் வேறு ஸ்பிரிங் அனுப்புகிறேன். உன் நலத்தைக் கேட்க மறந்துவிட்டேன். நலமா?

உன் அண்ணன்

•

மே 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தான்.

உங்கள் கணக்கில் தவறில்லை. அந்த ஆள் இன்னும் வந்து சேரவில்லை.

மூட்டை இருக்கிறது. வைத்தால் வண்டி நேராகிவிடும் என்று எனக்கும் தெரியும். அந்த இருக்கையில் மூட்டையை வைக்க மனம் வரவில்லை.

ஜனவரியில் உங்கள் எடை 58 கிலோ. மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் தலையில் வைத்துக்கொண்டு போன பெட்டியை அன்று காலை நான்தான் பேருந்திலிருந்து இறக்கினேன், ஆறு கிலோ இருக்கும். பேருந்துப் படி 45 செ.மீ. என்று எழுதியதும் நீங்கள்தான். நேராகக் கேட்டிருந்தால் வரமாட்டேன் என்று காரணங்களோடு எழுதியிருப்பீர்கள். அதனால் அளவாக எழுதினேன். அளவை நீங்கள் மறுக்கமாட்டீர்கள்.

அன்று தண்ணீர் எப்படி வந்தது என்று எனக்கு அப்போதே தெரியும், அண்ணா. கதவைத் திறந்ததற்காக நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. அதன் பிறகு நீங்கள் வரவே இல்லை. அதற்குத்தான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பேருந்து நிற்கும் இடத்தில் வண்டியோடு இருப்பேன், மழை வரும்வரை.

வாலு

•

ஜூன் 30

மதிப்புக்குரிய பட்டறைக்காரருக்கு,

வணக்கம். நீங்களும் பட்டறையில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இப்போது என் தங்கையின் வீட்டு முன்னறையிலிருந்து எழுதுகிறேன். வெளியே மழை. இனி மூன்று மாதத்துக்கு ஓடை யாருக்கும் வழிவிடாது என்கிறார்கள்.

நீங்கள் விற்ற கிட்டைப் பற்றிய அறிக்கை இது. கேட்கவில்லை என்றாலும் அனுப்புவது என் வழக்கம்.

அந்த 64 கிலோ ஆள் யார் என்று ஜூன் முதல் வாரத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கைப்பிடியில் நான் தொங்கியபோது நீங்கள் தாடிக்குள் சிரித்தீர்கள். எல்லோருடைய எடையையும் சரிபார்த்து வந்தவனுக்கு, வேறொருவர் கணக்கில் தானும் ஓர் எடையாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

மூன்று சனிக்கிழமைகள் நான் போகவில்லை. அந்த நாட்களில் தகரப் பெட்டிகளை 45 செ.மீ. உயரத்துக்கு அடுக்கி, தினமும் முப்பது முறை ஏறி இறங்கினேன். நான்காவது சனிக்கிழமை காலை எடை பார்த்தேன்: 57.5. அரைக் கிலோ குறைவு. ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் நினைவாகக் கொடுத்த பித்தளை எடைக்கல் ஒன்று இருந்தது, அரைக் கிலோ. அதை என் ஆறு கிலோ பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினேன். உங்கள் ஸ்பிரிங்குக்கு 64 என்று சொல்லியிருந்தோம் அல்லவா?

பேருந்து நின்ற இடத்தில் தங்கை வண்டியோடு இருந்தாள். பையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "கல்லு வெச்சிருக்கீங்களா?" என்றாள். "ஆமாம்" என்றேன்.

ஓடையில் இறங்கினோம். வண்டி சாய்ந்தது. என் கை கதவுக்குப் போனது. கைப்பிடியில் இருக்க வேண்டிய கை அது, எடுத்து அங்கே வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, அடித்தகட்டுக்கும் கல்லுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டேன். ரெண்டு செ.மீ. என்றாள். காற்று சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். போல்ட்டுகளை மறுபடி இறுக்கியாயிற்றா என்று கேட்டேன்.

"அண்ணா, கண்ணைத் தெறங்க. தாண்டியாச்சு."

"எப்போது?"

"நீங்க காத்தப் பத்திக் கேட்டுக்கிட்டிருந்தப்ப."

வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவள் தன் இருக்கையில் தீவன மூட்டையை ஏற்றிவிட்டு டேப்போடு இறங்கினாள். நான் அசையக் கூடாது என்றாள். வலப்பக்கம் 53. இடப்பக்கமும் 53.

இந்த இடப்பக்க அளவை நான் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க இறங்கினால் அளவு மாறிவிடும். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பக்கத்து இருக்கைக்காரன்